அண்டை வீட்டார் கையொப்பமிட வேண்டிய இடம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாராவது கேட்டு நான் மழுப்புவதைவிட அது மேல். இது ஒரு சென்டிமீட்டரிலிருந்து வந்தது. சரியாகச் சொன்னால் அதற்கும் கொஞ்சம் குறைவு.

எங்கள் கட்டடத்தில் ஆறு வீடுகள். போன மழைக்காலத்தில் தரைத்தள வீடுகள் இரண்டிலும் முழங்கால் அளவுத் தண்ணீர். அதில் ஒன்று என்னுடையது. இந்த வருடம் சங்கம் கூடி, வாசலைச் சுற்றி வைக்கத் தற்காலிக வெள்ளத் தடுப்பு வாங்கியது. தரைக்குழியில் செருகும் கம்பங்கள், கம்பங்களுக்கு நடுவே ஒன்றின் மேல் ஒன்றாக இறங்கும் அலுமினியப் பலகைகள். சங்கச் செயலாளர் ஒரு பல் டாக்டர். வாயைப் பிளந்துகொண்டு பதில் சொல்ல முடியாதவர்களிடமே பேசிப் பழகியவர். "வெள்ளம் வருமுன் அணை போடணும்" என்று கூட்டத்தில் முழங்கினார். அணைக்கு முன்னால் விண்ணப்பம் போடணும் என்பதைப் பழமொழி சொல்லாமல் விட்டுவிட்டது. "நீங்கதான் எழுத்தாளராச்சே, ஃபார்மை நீங்களே நிரப்பிடுங்க" என்று அந்த வேலையை என் தலையில் கட்டினார். பதினான்கு வருடம் கதை எழுதியதற்கு இந்தக் கட்டடத்தில் எனக்குக் கிடைத்த முதல் மரியாதை அதுதான்.

விதிகள் பன்னிரண்டு பக்கம். உங்களுக்குத் தேவையானதை மட்டும் சொல்கிறேன். தடுப்புக்கு வெளியே, சக்கர நாற்காலி போகிற அளவுக்கு, நடைபாதையில் ஒரு மீட்டர் இருபது சென்டிமீட்டர் விட வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து முப்பது நாள்தான் செல்லும். வெள்ள எச்சரிக்கை அறிவித்த பிறகே பலகையை ஏற்றலாம். ஆனால் எச்சரிக்கை அறிவித்துவிட்டால் புது அனுமதி யாருக்கும் கிடையாது. வரைபடத்தில் 'நீர் செல்லும் திசை' என்று ஓர் இடம். அங்கே நான் ஓர் அம்பு போட்டேன், தாளின் வலது விளிம்புவரை. விளிம்புக்கு அப்பால் யார் குடியிருக்கிறார்கள் என்று ஃபார்ம் கேட்கவில்லை.

கடைசி விதி: அனுமதித் தாள்கள் முகம் தெருவைப் பார்க்கும்படி பலகையில் ஒட்டப்பட வேண்டும். எங்களுக்குக் கிடைத்தவை ஏழு தாள்கள். ஏழுக்கும் முதுகு வெள்ளை. அந்த முதுகில்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.*

* வீட்டில் வேறு காகிதமே இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. மனைவி எல்லாவற்றையும் பரணில் ஏற்றிவிட்டாள். ஒட்டியபின் இந்தக் கதையைப் பலகை மட்டும்தான் படிக்கும். இதுவரை எனக்கு வாய்த்த வாசகர்களில் அது பொறுமைசாலி.

1, மறுபடியும்

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

'மழை பெய்துகொண்டிருந்தது.' (வேண்டாம். வெள்ளக் கதையில் வேறென்ன பெய்யும்?)

'அவள் அளவுகோலைப் பிடித்திருந்த விதத்தில் ஒரு' (ஒரு என்ன? இரண்டு நாளாக யோசித்தும் தெரியவில்லை. அப்படியே கிடக்கட்டும்.)

'அனுமதி அலுவலகத்தில் மூன்றாம் கவுன்டரில் இருப்பவளை எல்லோரும் ஸ்கேலக்கா என்றுதான் சொன்னார்கள்.' இது பரவாயில்லை. இதிலிருந்து போகலாம்.

ஸ்கேலக்காவுக்குக் காலை நேரம் பிடிக்கும். ஜன்னல் வெளிச்சம் மேஜைமேல் நேராக விழும், அளவுகோலின் கோடுகள் நன்றாகத் தெரியும். அவள் வேலை எளியது. ஒரு மீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர் என்ற கணக்கில் வரைந்த படத்தில் நடைபாதை பன்னிரண்டு சென்டிமீட்டர் இருக்கிறதா என்று அளப்பாள். இருந்தால் முத்திரை. இல்லாவிட்டால் சிவப்பு மையில் ஒரு வரி. பதினெட்டு வருடத்தில் அவள் யாருக்காகவும் ஒரு நூல் விட்டுக்கொடுத்ததில்லை. அதில் அவளுக்குப் பெருமை உண்டு. (பெருமை இருந்ததாக நான் நினைத்துக்கொள்கிறேன். அவளிடம் கேட்கவில்லை.)

அன்று அவள் எதிரே நான் நின்றேன்.

"வழி பத்தாது சார். ஒண்ணு இருபது வேணும். உங்களுது ஒண்ணு பதினொண்ணுதான் வருது."

"நான் ஒண்ணு இருபதுதான் மேடம் வரைஞ்சேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. ஸ்கேல் யாருக்கும் சொந்தக்காரன் இல்ல சார்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அந்தக் கோட்டைப் போட என் மகளின் பழைய ஜியாமெட்ரி பாக்ஸைத் தேடி எடுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். முதல் கவுன்டரில் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு அங்கேயே வைத்திருந்த என் அசல் தாளைக் கொண்டுவரச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே போய் எடுத்துவந்தாள். அளந்தாள். பன்னிரண்டு. மறுபடி நகலை அளந்தாள். பதினொன்று சொச்சம். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஜன்னலில் ஒட்டிவைத்துப் பார்த்தாள். நகலில் என் கட்டடமே கொஞ்சம் இளைத்திருந்தது.

முதல் கவுன்டர்க்காரர் எட்டிப் பார்த்தார். "ஓரம் வெட்டுப்படக் கூடாதுன்னு மிஷின் தானா கொஞ்சம் சுருக்கிக்கும்க்கா."

"எத்தனை நாளா?"

"அது இருக்கும் ஆறு மாசம்."

ஸ்கேலக்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். என் படத்துக்கு முத்திரை குத்தினாள். நன்றி சொன்னேன், காதில் விழவில்லை. அவள் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

2

ஏன் வெளுத்தது? கதை இங்கேதான் எனக்கு முரண்டு பிடிக்கிறது. ஒரு ஜெராக்ஸ் மெஷினுக்காக யாரும் இப்படி இடிந்து உட்கார மாட்டார்கள்.

வேலை போய்விடும் என்ற பயம்? (அவள் தவறு இல்லையே. நகலைத்தான் அளக்க வேண்டும் என்பது அங்கே நடைமுறை.) பதினெட்டு வருடத்துப் பெருமை போயிற்று என்ற வருத்தம்? (அழகாக இருக்கிறது. அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது.) அவளுக்கு ஒரு பழைய காதலனைக் கொடுத்து, அவன் விண்ணப்பத்தை நிராகரித்திருந்தாள் என்று ஒரு பத்தி எழுதினேன். படித்துப் பார்த்தேன். எனக்கே கூச்சமாக இருந்தது. அடித்துவிட்டேன்.

ஒன்று மட்டும் யோசித்துக் கண்டுபிடித்தேன். தாராளமாக ஒன்றரை மீட்டர் விட்டவர்கள் சுருங்கிய நகலிலும் தப்பித்துவிட்டார்கள். விதியை மயிரிழை பிசகாமல் பின்பற்றி, சரியாக ஒன்று இருபது விட்டவர்கள்தான் மாட்டியிருக்கிறார்கள். ஆறு மாதத்தில் தள்ளுபடியானவை மொத்தம் நாற்பத்தொன்று என்று தெருவில் பேச்சு. அதில் அப்படி எத்தனை பேர்? அவர்கள் வீட்டில் இப்போது என்ன வைத்து அடைக்கிறார்கள்?

3

ஸ்கேலக்கா அன்று வீட்டுக்குப் போகும்போது குடையை அலுவலகத்திலேயே மறந்துவிட்டாள். நனைந்துகொண்டே நடந்தாள். நிராகரித்த கோப்புகளை மனத்துக்குள் ஒவ்வொன்றாகப் புரட்டினாள். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது. நாற்பத்தொன்றாவது கோப்புக்கு வந்ததும் அவள் கால்கள்

(வாசலில் மணி அடிக்கிறது. யாரென்று பார்த்துவிட்டு வருகிறேன்.)

4

ஸ்கேலக்கா.

பொய் சொல்லவில்லை. நான் எழுதிக்கொண்டிருந்தவள் என் வாசலில் நின்றாள். நின்றார். கதையில் 'அவள்' என்று தாராளமாக எழுதிவிட்டேன். குடையை வெளியே உதறிவிட்டு, ஈரச் செருப்பை ஓரமாக விட்டு, "உள்ள வரலாமா சார்?" என்று கேட்கிறவரை அப்படி எழுதக் கை வரவில்லை. (குடையை மறக்கவும் இல்லை பாருங்கள்.)

இப்போது மணி மூன்று பத்து. நாலு மணிக்கு எச்சரிக்கை அறிவிக்கப்போகிறார்கள் என்று காலையிலிருந்தே ஊருக்கெல்லாம் தெரியும். பலகைகள் எங்கள் நடையில் அடுக்கித் தயாராக இருக்கின்றன. ஸ்கேலக்கா என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு கோப்பை எடுத்து வைத்தார். ஃபேன் காற்றில் பறக்காமலிருக்க அதன்மேல் தன் அளவுகோலை வைத்தார். பேனாவை என் பக்கம் நீட்டினார். நான் அதை வாங்கி, "கொஞ்சம் குறிச்சுக்கறேன்" என்று சொல்லி, இந்தத் தாளைத் திருப்பினேன். நிபந்தனைகளைக் குறித்துக்கொள்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

நாற்பத்தொன்றாவது கோப்பு அவருடைய தங்கையுடையது.

அந்தத் தங்கை யாரென்று எனக்குத் தெரியும். எங்கள் சுவரை ஒட்டி, தெருவைவிட மூன்று படி கீழே இறங்கும் வீட்டில் குழந்தைகள் காப்பகம் நடத்துகிறவர். ஒன்பது குழந்தைகள். மதியம் ஒன்றிலிருந்து மூன்றுவரை பாயில் வரிசையாகத் தூங்குவார்கள். மீதி நேரத்தில் என்ன செய்வார்கள் என்பது என் சுவருக்குத் தெரியும். அந்தச் சத்தத்தைப் பற்றி இரண்டு தடவை சங்கத்தில் புகார் சொன்னவன் நான்.

போன வெள்ளத்தில் அங்கே இடுப்பளவு. சுவர் காய ஐந்து மாதம் ஆயிற்று. பிள்ளைகள் எல்லாம் வேறு இடம் போய்விட்டார்கள். ஒவ்வொருவராகத் திரும்பி வந்து ஒன்பது சேர்ந்தது இப்போதுதான். இன்னொரு தடவை தண்ணீர் ஏறினால் காப்பகத்தின் உரிமத்தைப் புதுப்பிக்க மாட்டார்கள். வீடும் அதுதான், பிழைப்பும் அதுதான்.

"ஒரு மாசத்துக்கு முன்னாடி அவளே படம் வரைஞ்சு எடுத்துட்டு வந்தா சார். அளந்தேன். பதினொண்ணு சொச்சம்."

ஸ்கேலக்கா அப்போது அக்கம்பக்கத்தைப் பார்த்திருக்கிறார். எல்லாக் கவுன்டரும் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தன. தங்கை மெதுவாகச் சொன்னாளாம்: "அக்கா, பலகையெல்லாம் வாங்கி வச்சாச்சு. டேப்பை எடுத்துட்டு நேர்ல வந்து அளந்து பாரு. சரியாத்தான் விட்டிருக்கேன்."

"நேர்ல வந்தா தங்கச்சிக்காக வந்தேன்னு சொல்வாங்க. தாள்ல என்ன இருக்கோ அதான்."

"வேற யாராவதுன்னா வந்திருப்பியா?"

ஸ்கேலக்கா சிவப்புப் பேனாவைத் திறந்தார். வேறு யாராவது என்றால் வந்திருப்பார். அவருக்கே அது தெரியும். சிவப்பு மையில் ஒரு வரி எழுதிக் கோப்பை மூடினார். தங்கை கோப்பைப் பார்த்தாள், அளவுகோலைப் பார்த்தாள். "நீ அதுக்குத்தான் அக்கா. எனக்கு இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள். முப்பத்திரண்டு நாளாகப் பேச்சுவார்த்தை இல்லை.

"எனக்குப் பேர் கெட்டுடக் கூடாதுன்னு பார்த்தேன் சார்" என்றார் ஸ்கேலக்கா. "நேர்மைன்னு நினைச்சுட்டு இருந்தேன். பயம்தான் அது."

(இதைப் போய்ப் பெருமை என்று எழுதினேனே. இரண்டாம் தாளைக் கிழித்துவிடலாமா? முடியாது. முன்பக்கம் முத்திரை இருக்கிறது.)

மெஷின் விஷயம் தெரிந்ததும் மேலதிகாரியிடம் போயிருக்கிறார். "ஒண்ணு தப்புன்னா நாப்பத்தொண்ணும் தப்புன்னு ஆகும். மழைக்காலம் முடியட்டும், பார்க்கலாம்" என்றாராம் அவர். ஸ்கேலக்கா அதுவரை காத்திருக்கவில்லை. மூன்று நாள் சாப்பாட்டு இடைவேளையில் அசல் தாள்களை அளந்தார். பதினேழு பேர் சரியாக விட்டிருந்தார்கள். பதினாறு பேரைக் கூப்பிட்டுப் பக்கத்து வீட்டுக் கையெழுத்தைப் புதுப்பித்துவரச் சொல்லி முத்திரை குத்தியாயிற்று. பதினேழாவது ஆள் ஃபோனை எடுக்கவில்லை. அக்கா நம்பரைப் பார்த்ததும் துண்டித்துவிட்டாள். அதனால் அக்காவே வந்திருக்கிறார்.

"அவ கையெழுத்து பழசுலயே இருக்கு, அது செல்லும். பக்கத்து வீட்டுக் கையெழுத்து அப்ப உங்க மாடியில ஒருத்தர் போட்டது, அதுதான் முப்பது நாள் தாண்டிடுச்சு. நீங்க ஒண்ணு போட்டா போதும் சார். நான் வந்தது அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சா ஃபார்மைக் கிழிச்சுடுவா."

5

ஒரு கையெழுத்து. போட்டுவிட வேண்டியதுதானே என்கிறீர்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, ஒரு நிமிடம்.

பல் டாக்டர் இதை எதிர்பார்த்திருந்தார். மெஷின் கதை தெரு முழுக்கப் பரவியதுமே என்னை மாடிப்படியில் நிறுத்தினார். "அந்த வீட்டுக்கும் தடுப்பு வந்தா, அங்க போற தண்ணி ரோட்டுலயே நிக்கும். நம்ம வாசல்ல ஒரு சாண் ஏறும். போன தடவை ரெண்டே முக்கால் அடி. நம்ம பலகை மூணு அடி. கூட்டிப் பாருங்க. நீங்கதான் விண்ணப்பதாரர், உங்க கையெழுத்துதான் செல்லும். யார் வந்து கேட்டாலும் போட்டுடாதீங்க."

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்பார்கள். அதைச் சொன்னவர் தரைத்தளத்தில் குடியிருந்திருக்க மாட்டார். முழங்கால் தண்ணீரில் என் புத்தக அலமாரியின் கீழ்த்தட்டு இரண்டும் போயின. மகளின் பள்ளிக்கூட ஆல்பம் ஊறிப் பிரிந்து, அவள் முகம் இன்னொரு பிள்ளையின் முகத்தில் ஒட்டிக்கொண்டது. எனக்குப் பயமாக இருக்கிறது. இதை எழுதும்போது கால்விரல்களை மடக்கித் தரையிலிருந்து தூக்கி வைத்திருக்கிறேன்.

ஸ்கேலக்காவிடம் கேட்டேன். "ஒரு சாண் ஏறுமாமே?"

"ஏறும் சார், இல்லேங்கல. ரெண்டு பக்கமும் தடுத்தா தண்ணி நேரா மைதானத்துக்கு ஓட வழி இருக்கு. அதனால ஏர்றது சாணா, விரலான்னு சொல்லத் தெரியல. அளந்து பார்க்காததை நான் சொல்ல மாட்டேன்."

பொய்யாகவாவது 'விரல்' என்று சொல்லியிருக்கலாம். நான் உடனே போட்டிருப்பேன்.

(இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சொல்லாமலே தப்பித்துவிடலாம் என்று நான்கு தாள் ஓட்டினேன். எங்கள் ஃபார்முக்கும் பக்கத்து வீட்டு ஒப்புதல் தேவைப்பட்டது. மூன்று வாரம் முன்பு அந்தப் படிகளில் இறங்கினேன். அந்தத் தங்கை இடுப்பில் ஒரு குழந்தையோடு வந்து நின்றார். தன் விண்ணப்பம் தள்ளுபடியானதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என் அம்பைப் பார்த்தார். "தண்ணி எங்க போகும் சார்?" என்றார். "அப்படியே போயிடும்" என்றேன். குழந்தையின் கை பேனாவைப் பிடித்து இழுத்தது. அதை விலக்கிவிட்டு, நின்றபடியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இந்தத் தாளின் முன்பக்கத்தில் அது இருக்கிறது. கடைசி எழுத்தில் ஒரு கோணல், குழந்தை இழுத்த இடம்.)

6

மணி மூன்று முப்பத்தைந்து. என் கைவசம் மூன்று முடிவுகள் இருக்கின்றன.

முதல் முடிவு. நான் கையெழுத்துப் போடுகிறேன். தண்ணீர் வருகிறது. எங்கள் வாசலில் ஒரு விரல்தான் ஏறுகிறது. அடுத்த வாரம் சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்பது பேரும் கத்துகிறார்கள், எனக்கு அது இனிமையாகக் கேட்கிறது. அக்காவும் தங்கையும் படியில் உட்கார்ந்து பேசுகிறார்கள். (உபதேச வாடை அடிக்கிறது. தண்ணீர் நல்லவன் கெட்டவன் பார்த்து ஏறுவதில்லை.)

இரண்டாம் முடிவு. கையெழுத்துப் போடுகிறேன், ஒரு சாண் ஏறுகிறது. பலகையைத் தாண்டி உள்ளே வருகிறது. பல் டாக்டர் இரண்டாம் மாடியிலிருந்து என்னைப் பார்க்கிறார். முதல் தடவையாக அவர் வாய் மூடியிருக்கிறது. (இது நடக்கக்கூடியது. அதனால்தான் இன்னும் போடாமல் இருக்கிறேன்.)

மூன்றாம் முடிவு. என் மனைவி வந்து பேனாவைப் பிடுங்கி, "வீடு என் பேர்லதானே இருக்கு" என்று அவளே போட்டுவிடுகிறாள். (நன்றாக இருக்கிறது. பத்திரிகைக்காரர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் செல்லாது. விதிப்படியும் செல்லாது, வேறு விதத்திலும் செல்லாது. நான் புடவைக்குப் பின்னால் ஒளிவதற்கு ஒரு முடிவு எழுதியிருக்கிறேன், அவ்வளவுதான்.)

உண்மையில் அவள் வந்தாள். ஸ்கேலக்காவுக்குக் குடிக்கத் தண்ணீர் வைத்தாள். என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, நான்கைந்து வரி படித்தாள்.

"அந்தம்மா உக்காந்திருக்காங்க, நீங்க அவங்களைப் பத்தியே எழுதிட்டு இருக்கீங்களா?"

நான் தாளை உள்ளங்கையால் மறைத்தேன்.

"அலமாரியில இன்னும் ரெண்டு தட்டு இருக்கு. நான் மேல ஏத்திக்கறேன். ஏத்த முடியாதது போகட்டும்." குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "எழுதினது போதும்ங்க. போட வேண்டியதைப் போடுங்க."

7

மூன்று நாற்பத்தாறு. இங்கிருந்து அலுவலகத்துக்குப் பத்து நிமிட நடை. மழையில் பன்னிரண்டு. வெளியே பல் டாக்டர் ஜன்னல் கம்பியைத் தட்டுகிறார். "அனுமதித் தாளைக் கொடுங்க சார், ஒட்டணும்! நேரமாச்சு!" ஃபோன் வேறு அடிக்கிறது. அதுவும் அவர்தான். ஸ்கேலக்கா பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். எழுந்திருக்கவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. கதவைப் பார்க்கிறார், கடிகாரத்தைப் பார்க்கிறார்.

இதற்குள் ஏழாவது தாளுக்கு வந்துவிட்டேன். இரண்டாயிரம் வார்த்தை எழுத முடிந்தவனுக்கு நான்கு எழுத்துப் பெயர் எழுத வரவில்லை. ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்பார்களே, நான் இரண்டு காலையும் நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டு எழுதுகிறேன். வெட்கமாக இருக்கிறது.

வாசகரே, உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். மணி அடித்து நான் வாசலுக்குப் போன நேரத்தில் என் பேனாவையும் மனைவி பரணில் ஏற்றிவிட்டாள். என் கையிலிருப்பது கையெழுத்துக்காக ஸ்கேலக்கா நீட்டிய பேனா. நான்காம் தாளிலிருந்து அதில்தான் எழுதுகிறேன். இந்த மேஜையில் இது ஒன்றுதான் இருக்கிறது. இங்கே எழுதிக்கொண்டிருக்கும்வரை அங்கே போட முடியாது. ஆகவே இப்படி வைத்துக்கொள்வோம். இந்தக் கதைக்கு ஒழுங்கான முடிவு ஒன்று இருந்து, கடைசி வாக்கியத்துக்கு நான் முற்றுப்புள்ளியும் வைத்திருந்தால், நாலு மணி தாண்டிவிட்டது என்று பொருள். நான் நல்ல கதை எழுதியிருக்கிறேன், வேறொன்றும் செய்யவில்லை என்று பொருள். பாதியில் நின்றிருந்தால், ஏன் நின்றது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். பல் டாக்டர் உள்ளே வந்து தாளைப் பிடுங்கியும் இருக்கலாம்.

ஸ்கேலக்கா எழுந்துவிட்டார். "மணி மூணு நாப்பத்தெட்டு. நான் கிளம்பறேன் சார்" என்கிறார். கோப்பின் மேலிருக்கும் அளவுகோலை எடுக்கக் கை நீட்டுகிறார். நான் அதை முந்திக்கொண்டு எடுக்கிறேன். அடியில் கோடு தெரிகிறது. 'அண்டை வீட்டார் கையொப்பமிட வேண்டிய இடம்.' சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு பிள்ளை தூங்கி எழுந்து அழுகிறது, இன்னும் கூட்டிப் போகவில்லை போலிருக்கிறது. சாணோ விரலோ எனக்குத் தெரியாது. தெரிந்துகொண்டு போடுவதென்றால் நான் இந்தப் பேனாவை இங்கிருந்து எடுத்து அங்கே